பெவிலியன்: பேர்ல ஆரம்பிச்சு கூரை வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

பெவிலியன்னு சொன்னதும் நம்மள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் வர்றது கிரிக்கெட் கமெண்ட்ரி தான். "முதல் பந்துலயே அவுட்டாகி பெவிலியன் திரும்பினார்"னு கேட்டுக் கேட்டு அது ஏதோ தோத்துப் போனவங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போற இடம்னே மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா கண்காட்சிக்கு அலையுறவங்களக் கேட்டா அது ஸ்டாலுக்கு பெரிய அண்ணன் மாதிரி ஒண்ணும்பாங்க, ஆர்க்கிடெக்ட்டக் கேட்டா தோட்டத்து நடுவுல நாலு காலும் ஒரு கூரையும்பார், வைரம் பட்டை தீட்டுறவர்கிட்ட கேட்டா கல்லோட அடிப்பாகத்தக் காட்டுவார். நாலு பேரு சொல்றதும் சரி தான், அது தான் இந்த வார்த்தையோட அழகு.

நான் இந்த மாதிரி கட்டடங்கள வரையுற, கட்டுற வேலைல கொஞ்ச காலமா இருக்கேன், அதனால முதல்ல வார்த்தையப் பத்தியும் எதுக்கெல்லாம் இது பயன்படுதுன்னும் சொல்லிட்டு, அப்புறம் நீங்களே ஒண்ணு கட்டணும்னா எதுக்கு அப்புறம் எதுன்னு வரிசையா சொல்றேன். முதல் பாதி தேவையில்லன்னு தாண்டிப் போயிடாதீங்க, ஏன்னா அர்த்தம் புரியாம கட்டுனவங்க எல்லாம் கடைசில ஜன்னல் வச்சு கதவு வச்சு அத ஒரு ரூமா மாத்திட்டாங்க. பெவிலியன்னா யாரும் குடியிருக்காத கட்டடம், போயி கொஞ்ச நேரம் இருந்துட்டு கிளம்புற இடம். கீழ சொல்ற அளவு, உசரம், காத்து எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வர்றது தான்.

பேரு எங்கிருந்து வந்துச்சு

லத்தீன்ல பாப்பிலியோன்னா பட்டாம்பூச்சி. கூடாரத் துணி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கிறது றெக்கைய விரிச்ச மாதிரி இருந்ததால கூடாரத்துக்கும் அதே பேர வச்சுட்டாங்க, அது பிரெஞ்சுக்குள்ள போயி அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து இப்ப நம்ம வாய்ல பெவிலியனா நிக்குது. அதுவும் ஏழைக் கூடாரம் இல்ல, ராஜாக்கள் கூடாரம். 1520ல இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் ராஜா முதலாம் பிரான்சிஸும் சந்திச்சப்போ யாரு கூடாரம் பெருசுன்னு ஒரு போட்டியே நடந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல தங்க இழை போட்ட துணில கூடாரமா அடிச்சுத் தள்ளி, கடைசில அந்தச் சந்திப்புக்கே தங்கத் துணி மைதானம்னு பேரு வந்துடுச்சு.

பிரெஞ்சுக்காரங்க இன்னும் ஒரு படி மேல போயி, விரிஞ்சு நிக்கிற எதப் பாத்தாலும் இந்தப் பேர வச்சிருக்காங்க: கப்பல் கொடி, ட்ரம்பெட்டோட விரிஞ்ச வாய், ஏன் நம்ம வெளிக்காது கூட அவங்களுக்கு பவியோன் தான். வைரத்துல நடு விளிம்புக்குக் கீழ கூம்பா இறங்குற பாகத்துக்கும் இதே பேரு, அதோட சாய்வு 40.75 டிகிரி கிட்ட இருந்தா நல்லதுன்னு 1919லயே டோல்கோவ்ஸ்கிங்கிற வைர வேலைக் குடும்பத்து இன்ஜினியர் கணக்குப் போட்டு வச்சிருக்காரு. அதுக்கு ரொம்பக் குறைஞ்சாலும் ரொம்பக் கூடுனாலும் வெளிச்சம் மேல திரும்பாம கீழ வழியா ஒழுகிடும், கல்லு டல்லா தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சீனாவோட கதை. அங்க தோட்டத்துப் பெவிலியனுக்கு திங்னு பேரு, அந்த எழுத்துக்குப் பக்கத்துல மனுஷனக் குறிக்கிற ஒரு கோட்டச் சேத்தா 'நிறுத்து, நில்லு'ன்னு அர்த்தம் வர்ற எழுத்து வந்துடும். நடந்துக்கிட்டே இருக்கிறவன நிக்க வைக்கிறது தான் அதோட வேலைன்னு இதுக்கு மேல யாரு விளக்க முடியும்! 353ல வாங் ஷிஜிங்கிற கையெழுத்துக் கலைஞரும் அவரோட சிநேகிதங்களும் ஆர்க்கிட் பெவிலியன்னு ஒரு இடத்துல ஓடைல கிண்ணத்த மிதக்க விட்டு, யாரு முன்னாடி வந்து நிக்குதோ அவங்க கவிதை சொல்லணும் இல்லன்னா குடிக்கணும்னு விளையாடினாங்க, அன்னைக்கு அவர் எழுதுன முன்னுரை இன்னைக்கு வரைக்கும் சீனக் கையெழுத்துக் கலைல உச்சமா பேசப்படுது. அந்த இடத்துல யாரும் குடித்தனம் பண்ணல, ஒரு நாள் உக்காந்தாங்க, அவ்ளோ தான்.

தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு கேட்டா மண்டபம் தான் கிட்ட வருது, ஆனா இப்ப மண்டபம்னா நாலு செவுரும் ஏசியும் மேடையும் தான் கண்ணுக்கு முன்னாடி வருது. பந்தல்னா நாளைக்குப் பிரிச்சுடுவாங்கன்னு அர்த்தம், கூடாரம்னா துணி. அதனால நான் பெவிலியன்னே எழுதுறேன், பண்டிதர்கள் மன்னிக்கணும்.

பக்கத்து வீட்டுச் சொந்தக்காரங்க

கடைல கேட்டு வாங்கும்போது குழம்பாம இருக்க இத மட்டும் தெரிஞ்சுக்கோங்க. பெர்கோலாவுக்கு மேல முழுக் கூரை கிடையாது, கட்டைகள் இடைவெளி விட்டு ஓடும், கொடி படர விடலாம், மழை வந்தா நனைவீங்க. கெஸீபோ சின்னது, பெரும்பாலும் ஆறு எட்டு மூலை, சுத்தி கைப்பிடி இருக்கும். கியாஸ்க்கும் முதல்ல தோட்டத்துப் பெவிலியன் தான், பாரசீகத்துல குஷ்க், துருக்கில கோஷ்க், இஸ்தான்புல் டோப்காபி அரண்மனைல பாக்தாத் கோஷ்க்னு 17ம் நூற்றாண்டுல கட்டுனது இன்னும் அம்சமா நிக்குது, ஆனா அதே வார்த்தை இப்ப பேப்பர் விக்கிற பெட்டிக்கடைக்கும் டிக்கெட் மிஷினுக்கும் போயிடுச்சு. பெவிலியன்னா மேல முழுக் கூரை, பக்கம் பெரும்பாலும் திறந்து இருக்கும், நாலு பேருக்கு மேல தாராளமா இருக்கலாம், இப்படி ஞாபகம் வச்சா போதும்.

எதுக்கெல்லாம் கட்டியிருக்காங்க

முதல் பயன் காத்து வாங்குறது. ஃபதேபூர் சிக்ரில இருக்கிற பஞ்ச மஹால் அஞ்சு மாடி, செவுருன்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி வெறும் தூணா நிக்கும், கீழ 84, அதுக்கு மேல 56, அப்புறம் 20, 12, உச்சில 4, மொத்தம் 176. மேல போகப் போக தளம் சின்னதாகுது, கடைசில நாலு காலு மேல ஒரு குடை. முகலாயர்கள் தோட்டத்துல கட்டுன பாரதரிங்கிற பேருக்கே பன்னெண்டு வாசல்னு தான் அர்த்தம், பக்கத்துக்கு மூணு வாசல், எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் உள்ள வந்து தானே ஆகணும்.

அடுத்தது விளையாட்டு. ஆடுறவங்க டிரஸ் மாத்த, காத்திருக்க, மெம்பர்கள் உக்காந்து பாக்கன்னு மைதானத்து ஓரத்துல ஆரம்பிச்சது தான் கிரிக்கெட் பெவிலியன். லண்டன் லார்ட்ஸ்ல இப்ப இருக்கிறது தாமஸ் வெரிட்டி டிசைன் பண்ணி 1889-90ல கட்டுனது, பேட்ஸ்மேன் லாங் ரூம் வழியா மெம்பர்கள் நடுவுல நடந்து தான் கிரவுண்டுக்கு இறங்கணும், டக் அவுட் ஆனாலும் அதே வழியா தான் திரும்பணும், அந்த நடை எவ்ளோ நீளமா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 1899ல ஆல்பர்ட் ட்ராட்ங்கிற பேட்ஸ்மேன் அடிச்ச பந்து அந்தக் கட்டடத்துக்கு மேலயே தாண்டிப் போச்சு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் யாரும் அதச் செய்யல.

ஆஸ்பத்திரிலயும் இது இருக்குன்னா நிறைய பேரு நம்ப மாட்டாங்க. 19ம் நூற்றாண்டுல ஒரே பெரிய கட்டடத்துல நோயாளிகள அடைச்சு வைக்காம, வார்டு வார்டா தனித்தனி நீளக் கட்டடமா பிரிச்சு ரெண்டு பக்கமும் ஜன்னல் வச்சு நடுவுல தோட்டம் விட்டாங்க, அதுக்கு பெவிலியன் பிளான்னு பேரு, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதுக்காக விடாம எழுதிப் பேசினாங்க. நோய் கெட்ட காத்தால பரவுதுன்னு அவங்க நம்புனது முழுசா சரியில்லன்னாலும், காத்தோட்டமும் இடைவெளியும் நல்லதுங்கிறது உண்மையா போச்சு. பார்சிலோனாவோட பழைய சான்ட் பவ் ஆஸ்பத்திரிக் கட்டடங்க இப்படித் தான், மேல தோட்டத்துல தனித்தனி பெவிலியன், கீழ எல்லாத்தையும் சேக்குற சுரங்கப் பாதை.

கண்காட்சி பெவிலியன் தனி உலகம். ஒரு நாடோ கம்பெனியோ "நாங்க யாரு தெரியுமா"ன்னு சில மாசத்துக்குள்ள சொல்லி முடிக்கணும். 1929ல பார்சிலோனா கண்காட்சிக்கு ஜெர்மனி சார்புல ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோவும் டிசைனர் லில்லி ரைக்கும் கட்டுனதுல உள்ள வச்சுக் காட்ட கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடையாது, எட்டு மெல்லிசான உலோகத் தூண், ஒரு தட்டைக் கூரை, பளபளன்னு கல்லு, கண்ணாடி, தண்ணி, கட்டடமே தான் காட்சிப் பொருள். 1930ல பிரிச்சுட்டாங்க, ஆனா போட்டோவ வச்சே உலகம் பூரா ஆர்க்கிடெக்ட்டுங்க அதப் படிச்சாங்க, கடைசில 1983ல ஆரம்பிச்சு 1986ல அதே இடத்துல திரும்பக் கட்டிட்டாங்க. 2010 ஷாங்காய் எக்ஸ்போல பிரிட்டன் சார்புல டிசைனர் தாமஸ் ஹெதர்விக் பண்ணுனது முள்ளம்பன்றி மாதிரி 60,000 அக்ரிலிக் குச்சி, ஒவ்வொண்ணு நுனிலயும் விதை. லண்டன்ல செர்பென்டைன் கேலரி 2000ல ஆர்க்கிடெக்ட் ஸஹா ஹதித்த வச்சு ஆரம்பிச்சதுல இருந்து கிட்டத்தட்ட எல்லா கோடைக்கும் புதுசா ஒரு பெவிலியன் போட்டு, சீசன் முடிஞ்சதும் எடுத்துடுறாங்க. வீட்டுல செஞ்சு பாக்க பயப்படுறத பெவிலியன்ல செஞ்சு பாக்கலாம், யாரும் அதுல நிரந்தரமா இருக்கப் போறதில்லயே.

பேரு மட்டும் பெவிலியனா இருந்து பொருள் மாறிப் போனதும் உண்டு. பிரைட்டன்ல இருக்கிற ராயல் பெவிலியன் ஆர்க்கிடெக்ட் ஜான் நாஷ் கைவரிசைல முழு அரண்மனையாவே ஆயிடுச்சு, முதல் உலகப்போர்ல அங்க காயம்பட்ட இந்திய சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துனாங்க.

இப்ப நீங்க கட்டுறதுன்னா

1. யாரு, எவ்ளோ நேரம்? பேப்பர்ல முதல்ல இத எழுதுங்க. நாலு பேரு சாயந்திரம் ஒரு மணி நேரம் பேசணுமா, இருபது பேரு சாப்பிடணுமா, ஒருத்தர் தனியா படிக்கணுமா? "எல்லாத்துக்கும்"னு எழுதுனா எதுக்கும் உதவாத ஒண்ணு தான் வரும், இத நான் அடிச்சுச் சொல்வேன்.

2. இடம். ஒரு நாற்காலியத் தூக்கிட்டுப் போயி நீங்க நினைக்கிற இடத்துல காலைல, மதியம், சாயந்திரம் மூணு வேளையும் உக்காருங்க. எங்க வெயில் மூஞ்சில அடிக்குது, எங்கிருந்து காத்து வருது, உக்காந்தா கண்ணுக்கு முன்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க, நின்னு பாக்கிறது கணக்கு இல்ல, ஏன்னா பெவிலியன்ல யாரும் நிக்கப் போறதில்ல. வீட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வச்சா அது வராண்டா ஆயிடும், ரொம்பத் தள்ளி வச்சா யாரும் போகமாட்டாங்க. பெரிய மரத்து வேர்ப் பக்கம் அஸ்திவாரம் வேண்டாம். அனுமதி வேணுமான்னு உள்ளாட்சில கேட்டுட்டு தான் குழி தோண்டணும்.

3. அளவு. நாலு பேரு மேசையச் சுத்தி உக்கார 10க்கு 10 அடி போதும், எட்டு பத்து பேருன்னா 12க்கு 16. நாற்காலியப் பின்னால தள்ளி எந்திரிக்கவே மூணு அடி வேணும்ங்கிறத மறந்துடுறாங்க, அதான் வரைபடத்துல பெருசா தெரிஞ்சது கட்டுனதும் இடிக்குது.

4. உசரம். இதுல தான் நான் அசிங்கப்பட்டேன். நான் முதல்ல வரைஞ்சது 12 அடி அகலம், கம்பீரமா இருக்கட்டும்னு கூரை விளிம்ப 11 அடில வச்சேன், வெளிய நீட்டுனது ஒரே ஒரு அடி. முதல் மழைல நாற்காலியெல்லாம் ஒரு பக்கமா ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. கணக்கு ரொம்ப சிம்பிள், சாரல் 45 டிகிரில அடிச்சா விளிம்பு எவ்ளோ உசரமோ அவ்ளோ தூரம் உள்ள வரும், அதுல நீட்டுன அளவ மட்டும் கழிச்சுக்கலாம். 11ல 1 போக 10 அடி நனைஞ்சுது, இருந்ததே 12 அடி! விளிம்ப 8 அடிக்கு இறக்கி 2 அடி வெளிய நீட்டியிருந்தா பாதியாவது காய்ஞ்சிருக்கும். அதனால கூரையோட நடு உச்சி எவ்ளோ வேணா போகட்டும், விளிம்பு தாழ்வா இருக்கணும். உக்காந்து பாக்கும்போது தாழ்ந்த விளிம்பு தான் வெளிக்காட்சிக்கு ஒரு ஃபிரேம் போட்ட மாதிரி இருக்கும், அது போனஸ்.

5. காத்து. எல்லாரும் கூரை கீழ விழுந்துடுமோன்னு பயப்படுறாங்க, பயப்பட வேண்டியது மேல பறந்துடுமோன்னு. பக்கம் திறந்து இருக்கிறதால காத்து அடில புகுந்து மேல தூக்கும், அதே நேரம் மேல ஓடுற காத்தும் இழுக்கும். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகக் காத்து சதுர மீட்டருக்கு தோராயமா 100 கிலோ அழுத்தம் குடுக்கும். 12க்கு 16 அடின்னா கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர், ஆக 1,800 கிலோ, நாலு காலுன்னா காலுக்கு 450. கூரையோட சொந்த எடை கொஞ்சம் காப்பாத்தும், ஆனா தகரக் கூரைக்கு எடை எங்க இருக்கு? 60 சென்டிமீட்டர் கனசதுரமா ஒரு கான்கிரீட் கட்டி போட்டா அது மட்டுமே 518 கிலோ, இப்ப புரியுதா ஏன் அஸ்திவாரத்துல கஞ்சத்தனம் கூடாதுன்னு. வேகம் பாதியானா அழுத்தம் கால்வாசி தான், ஆனா புயல் சொல்லிட்டா வருது. இது ஒரு அறிமுகக் கணக்கு மட்டும் தான், உங்க ஏரியா காத்து வேகத்துக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் கட்டி மட்டும் கனமா இருந்து பிரயோஜனம் இல்ல, கட்டில இருந்து காலு, காலுல இருந்து உத்தரம், உத்தரத்துல இருந்து கூரைக் கட்டை, அதுல இருந்து ஷீட்டுன்னு ஒவ்வொரு இணைப்பும் மேல இழுத்தா தாங்கணும். வெறும் ஆணி உருவிக்கிட்டு வந்துடும், போல்ட்டும் இரும்புப் பட்டையும் போடுங்க.

6. ஆட்டம். வீட்டுக்கு செவுரு தான் ஆடாம பிடிச்சுக்கும், இதுக்கு செவுரே இல்ல. காலும் உத்தரமும் சேர்ற ஒவ்வொரு மூலைலயும் சாய்வா ஒரு கட்டை குடுத்தா முக்கோணம் ஆயிடும், முக்கோணம் நெளியாது. அழகக் கெடுக்குதுன்னு அத எடுத்துட்டா, சாஞ்சு உக்காரும்போதே கிர்ருன்னு ஒரு சத்தம் வரும்.

7. தரையும் காலும். மரக்கால நேரா கான்கிரீட்டுக்குள்ள புதைக்கவே கூடாது, தண்ணி தேங்கி அடி இத்துப் போயிடும், இரும்பு பேஸ் வச்சு மரத்த ஒரு இன்ச் தூக்கி நிறுத்துங்க. மூலைமட்டம் பாக்க 12க்கு 16ல ஒரு சௌகரியம், மூலைக்கு மூலை நூல் பிடிச்சா சரியா 20 அடி வரணும், ரெண்டு குறுக்கும் 20 வந்தா மூலைமட்டம் சுத்தம். தரை சுத்துமண்ணவிட அஞ்சாறு இன்ச் உசந்திருக்கட்டும், ஆனா ரசமட்டம் வச்சு டக்குனு சமமா போட்டுடாதீங்க, 12 அடிக்கு ரெண்டு இன்ச் வாட்டம் குடுங்க. கண்ணுக்குத் தெரியாது, மேசை ஆடாது, தண்ணி ஓடிடும். டைல்ஸ் போடுறதா இருந்தா சொரசொரப்பா எடுங்க, ஈரம் படுற இடம்.

8. கூரை எதுல போடுறது. தகர ஷீட் லேசு, விலையும் குறைவு, மழை பெஞ்சா பேச முடியாது, வெயில்ல தலைக்கு மேல அடுப்பு. அடில ஒரு மரப்பலகை வரிசை குடுத்தா சத்தமும் சூடும் குறையும். ஓடு கனம், அதுக்குத் தகுந்த உத்தரம் வேணும், ஆனா காத்து தூக்காம இருக்க அந்தக் கனம் நல்லது. துணி மாதிரி மெம்பிரேன் போடுறவங்க அத முறுக்கா இழுத்துக் கட்டணும், தொய்ஞ்சா தண்ணி தேங்கும், தேங்குனா இன்னும் தொய்யும், இன்னும் தேங்கும், கடைசில கிழியும்.

9. கரண்ட். தரை போடுறதுக்கு முன்னாடியே பைப் புதைச்சுடுங்க, காலியா ஒரு பைப் கூடுதலா விட்டா பின்னாடி என்னைய நினைச்சுக்குவீங்க. நடுவுல ஒரே பெரிய லைட்டப் போட்டா வெளிய எல்லாம் இருட்டாத் தெரியும், நீங்க மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும், அதனால மங்கலா, கீழ் நோக்கி, ஓரமா. திறந்த இடம், ஈரம் படும், கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாம ஒரு பிளக் பாயிண்ட் கூட வேண்டாம்.

கண்காட்சிக்கு டெம்பரரியா போடுறவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. எப்படிப் பிரிக்கிறதுன்னு முதல்ல வரையுங்க, அப்புறம் எப்படிக் கட்டுறதுன்னு. ஒட்டுறதுக்குப் பதிலா போல்ட், ஒவ்வொரு பாகமும் ரெண்டு பேரு தூக்குற எடை, லாரில ஏறுற நீளம், பாகத்து மேல நம்பர். உள்ள வர்றவங்க கியூ எங்க நிக்கும், அந்தக் கியூவுக்கு நிழல் இருக்கான்னு பாருங்க, ஏன்னா பாதிப் பேரு பெவிலியனப் பாக்கிற நேரத்தவிட வெளிய நிக்கிற நேரம் தான் அதிகம். குழி தோண்ட விடமாட்டாங்க, அதனால மேல சொன்ன காத்துக் கணக்க அப்படியே எடை வச்சு ஈடு கட்டணும், தண்ணி டேங்கோ கான்கிரீட் கட்டியோ. நாலு செங்கல் போதும்னு யாராவது சொன்னா அவரையே கூரைக்குக் கீழ முதல்ல நிக்கச் சொல்லுங்க.

கட்டி முடிச்சதும் உடனே பெயின்ட்டு, திரை, ஊஞ்சல்னு இறங்க வேண்டாம். முதல் நல்ல மழை வர்ற வரைக்கும் காத்திருங்க, பெய்யும்போதே உள்ள போயி நின்னு சாரல் எது வரைக்கும் வருது, தண்ணி எந்த மூலைல தேங்குதுன்னு பாத்து வச்சுக்கிட்டு, மழை விட்டதும் ஈரம் காயுறதுக்குள்ள சாக்பீஸால கோடு போட்டுடுங்க. மேசைய அந்தக் கோட்டுக்கு உள்ள போடுங்க.